திரும்பி வந்த ஒன்றரை டிகிரி

மெத்தைக் கடைக்காரர் கோல்ஃப் கழகத்தில் சேர்ந்தது கோல்ஃப் ஆடுவதற்காக அல்ல. அப்படி ஒரு எண்ணம் அவருக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை, அவருடைய லீவுக்குத் தோதாக ஒரே ஒரு தேதிதான் அமைந்தது. அந்தத் தேதியில் ஊரிலுள்ள எல்லா மண்டபங்களையும் யார் யாரோ பிடித்துவிட்டார்கள். கோல்ஃப் கழகத்தின் பெரிய மண்டபம் மட்டும் காலியாக இருந்தது. அதை உறுப்பினர்களுக்குத்தான் கொடுப்பார்கள். உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கெல்லாம் எப்போதோ கல்யாணமாகி, பாதிப் பேருக்கு விவாகரத்தும் ஆகிவிட்டிருந்தது.

சேர்ந்தால் மட்டும் போதாதாம், வருடாந்தரப் போட்டியிலும் இறங்க வேண்டுமாம். போட்டி கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் வந்தது. ஒரு குச்சியை எடுத்து ஒரு பந்தைத் தட்டுவதில் என்ன கஷ்டம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்து மெத்தைக் கடைக்காரர் கையெழுத்துப் போட்டார். விஷயம் தெரிந்ததும் சம்பந்திக்குத் தலைகால் புரியவில்லை. அவர் கோல்ஃப் பைத்தியம். மறுநாளே ஒரு பை நிறைய இரும்பு மட்டைகளோடு வந்து நின்றார்.

"சாதா இரும்பு இல்ல சம்பந்தி. கெட்டி எவர்சில்வர். நானே கடையில பிடிச்சு வீசிப் பாத்துத்தான் வாங்கினேன். நம்ம பேரன் காலத்துக்கும் இப்படியே இருக்கும்."

வில்லங்கமே அதில்தான் இருந்தது. சம்பந்தி நெட்டை. மெத்தைக் கடைக்காரரோ, கடையில் நிறுத்தி வைத்த மெத்தைக்குப் பின்னால் போனால் வாடிக்கையாளர் "கடையில யாருங்க?" என்று குரல் கொடுக்கிற உயரம். கோல்ஃப் மட்டையின் கம்பு, தலையோடு ஒரு சாய்வில் சேர்ந்திருக்கும். நெட்டையான ஆளுக்குக் கம்பு நிமிர்ந்து நிற்க வேண்டும், குட்டையான ஆளுக்குக் கொஞ்சம் படுத்திருக்க வேண்டும். நெட்டையின் மட்டையைக் குட்டை பிடித்தால் மட்டைத் தலையின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், கம்புப் பக்கத்துக் குதிகால் புல்லைச் சுரண்டும், பந்து இடது பக்கம் ஓடும்.

இடது பக்கம் கழகத் தலைவரின் கண்ணாடி அறை இருந்தது. வெயிலும் மழையும் படாமல் உறுப்பினர்களைக் கண்காணிக்க அவரே கட்டிக்கொண்டது. பயிற்சிக்குப் போன முதல் நாள் ஒரு கண்ணாடி உடைந்தது. அடுத்த நாள் இன்னொன்று. மூன்றாம் நாள் செயலாளர் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னொரு தடவை உங்க பந்து இடது பக்கம் போச்சுன்னா உறுப்பினர் பதவி ரத்து. மண்டபமும் ரத்து."

"வேற மட்டை வாங்கிக்கட்டுமா சார்?"

"ஒரு தடவை பதிவு பண்ணின மட்டைதான் வருஷம் பூரா. மனைவி மாதிரின்னு வெச்சுக்குங்க."

மனைவியிடம் சொன்னபோது அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "ஏங்க, அடிக்காம கையால உருட்டிட்டுப் போக முடியாதா?" என்றாள்.

"கேட்டேனே. கூடாதாம்."

"கல்யாணப் பத்திரிகை அடிச்சாச்சு. மண்டபம் போச்சுன்னா உங்க கடையிலதான் கல்யாணம், சொல்லிட்டேன்."

கழகத்தின் பின்பக்கம், புல்வெட்டும் வண்டி நிற்கிற கொட்டகைக்குப் பக்கத்தில், மட்டை பழுதுபார்க்கும் அறை இருந்தது. எண்ணெயும் ரப்பரும் கலந்த வாடை. மேஜையில் ஒரு கனத்த இடுக்கி, அதோடு பொருத்திய கோணமானி, சுவரில் சாய்த்து வைத்த ஒரு நீளமான கடப்பாரை, அதன் நுனியில் மட்டையின் கழுத்தைக் கவ்வ ஒரு பள்ளம். பட்டறைக்காரர் மட்டையின் அடியில் ஒரு பட்டையை ஒட்டி, பிளாஸ்டிக் பலகைமேல் வைத்துப் பந்தை அடிக்கச் சொன்னார். பட்டையின் குதிகால் பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது.

"ரெண்டு டிகிரி படுக்க வெச்சாப் போதும் சார், பந்து நேராப் போகும். ஆனா கோணக் குழு அனுமதிக்கணும்."

"என்ன குழு?"

"அங்க போங்க, தெரிஞ்சுக்குவீங்க" என்று பட்டறைக்காரர் பெருமூச்சு விட்டார்.

கோணக் குழுவில் தலைவர், செயலாளர், கணக்காய்வாளர் என்று மூன்று பேர். மூவரும் பணி ஓய்வு பெற்றவர்கள், ஆனால் பணிதான் அவர்களிடமிருந்து ஓய்வு பெற்றிருந்தது. தேய்ந்த பட்டையை ஒரு தட்டில் வைத்து மூவருக்கும் காட்டினார்கள். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"இந்தக் கழகம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எந்த முடிவையும் அவசரப்பட்டு எடுத்ததில்ல. சொல்லப்போனா முடிவே எடுத்ததில்ல. அந்தப் பாரம்பரியத்தைக் காப்பாத்தணும். மட்டையில குறை இல்ல. குறை உறுப்பினர்கிட்டதான் இருக்கு. எவ்வளவு குறைன்னு அளங்க."

அளந்தார்கள். தரையிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தபோது, தரையில் கம்பளம் இருக்கிறதென்று கணக்காய்வாளர் ஆட்சேபித்தார். கம்பளத்தைச் சுருட்டிவிட்டு அளந்தார்கள். பிறகு மெத்தைக் கடைக்காரர் செருப்புப் போட்டிருக்கிறார் என்று செயலாளர் கண்டுபிடித்தார். செருப்பைக் கழற்றி அளந்தபோது அவர் இன்னும் குட்டையாகிப் போனார். குழு வருத்தம் தெரிவித்தது. எஃகை வளைப்பது செலவு, உறுப்பினரை உயர்த்துவது சிக்கனம் என்று தீர்மானமாயிற்று. ஒரு பலகை கொடுத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு பணியாளர்கள் மைதானம் முழுக்க அவர் கூடவே ஓடினார்கள், பந்து விழுந்த இடத்திலெல்லாம் பலகையைப் போட்டார்கள், அவர் ஏறி நின்று அடித்தார். பந்து நேராகத்தான் போனது. மாலையில், பலகைமேல் நின்று ஆடுவது விதிமீறல் என்று அதே குழு அவரைக் கண்டித்தது. பலகையைக் கொடுத்தது யார் என்று கேட்டதற்கு, அதை விசாரிக்க வேறு குழு இருக்கிறது என்றார்கள். அந்தக் குழுவிலும் இதே மூவர்தான்.

கடைசியில் வளைப்பதைப் பற்றியே பேச வேண்டியதாயிற்று. கம்பின் சாய்வை மாற்றும்போது மட்டையின் முகச் சாய்வும் கொஞ்சம் அசையக்கூடும் என்று பட்டறைக்காரர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். முகம் எவ்வளவு வானத்தைப் பார்க்கிறதோ அதைப் பொறுத்துத்தான் மட்டைக்கு நம்பர்.

செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் நாற்பது வருடம் ஊழியர் பிரிவில் இருந்தவர். "அப்ப ஏழாம் நம்பரோட முகம் வானத்தை விட்டுக் கொஞ்சம் இறங்கினா அது ஆறாம் நம்பர் ஆயிடுமே? பணிமூப்பு இல்லாம பதவி உயர்வா? ஆறாம் நம்பர் மட்டை நாளைக்கு நம்மளைக் கேக்காதா?"

"மட்டை கேக்காதுங்க" என்றார் மெத்தைக் கடைக்காரர்.

"கேக்காதவங்க வயித்தெரிச்சல்தான் பொல்லாதது. அனுபவத்துல சொல்றேன்."

ஒரு வாரம் கழித்து அனுமதி வந்தது. கம்பின் சாய்வு இரண்டு டிகிரி, அதற்குமேல் ஒரு இம்மியும் கூடாது. முகத்தை யாரும் தொடக்கூடாது.

பட்டறைக்காரர் ஏழாம் நம்பரின் தலையை இடுக்கியில் இறுக்கினார். கடப்பாரையைக் கழுத்தில் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இழுத்தார். "இது கெட்டி எவர்சில்வர். வெடுக்குனு இழுத்தா கழுத்து முறிஞ்சு போயிடும். ரெண்டு மட்டும் இழுத்தாலோ, விட்டதும் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்துடும். அதனால கூடுதலா இழுத்து விடணும்." கோணமானியின் முள் மூன்றரை வரை போயிற்று. கையை விட்டதும் மட்டை தானாகவே ஒன்றரை டிகிரி பின்வாங்கி, சரியாக இரண்டில் நின்றது.

மெத்தைக் கடைக்காரருக்கு இது சட்டென்று பிடிபட்டது. அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும்பும், அவர் பிழைப்பே அதுதான். வெளியே போய் ஒரு பந்தை அடித்தார். பந்து நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிற்று. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மண்டபத்தில் மகள் மாலையோடு நிற்பது போலவே தெரிந்தது. மனைவிக்குப் போன் போட்டு, "மண்டபம் நம்மளுதுதான்" என்றார்.

மறுநாள் கணக்காய்வாளர் கூப்பிட்டார். கோணமானியின் முள் மூன்றரையைத் தொட்டதை ஜன்னல் வழியாக அவர் பார்த்திருந்தார்.

"அனுமதி ரெண்டு. வளைச்சது மூணரை. மீதி ஒன்றரை எங்க?"

"அது திரும்பி வந்துடுச்சு சார்."

"யார்கிட்ட வந்துச்சு?"

"யார்கிட்டயும் இல்ல. மட்டைக்குள்ளயே திரும்பிடுச்சு."

"அப்ப அதை எடுத்துக் காட்டுங்க. கழகத்தோட அனுமதியில்லாம ஒன்றரை டிகிரியை வெளியில எடுத்துட்டுப் போய், யாருக்கும் தெரியாம உள்ள வெச்சிருக்கீங்க. எடுக்கறதைவிட திருப்பி வெக்கறது பெரிய குத்தம். எடுத்தவன் ஏன் திருப்பி வெக்கணும்? மனசாட்சி உறுத்தியிருக்கு."

மெத்தைக் கடைக்காரர் தலைவர் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க உக்காந்திருக்கற மெத்தையை நினைச்சுப் பாருங்க. உக்காந்தா அமுங்கும், எந்திரிச்சா மேல வரும். அந்த மாதிரிதான் இதுவும்."

தலைவர் நாற்காலியின் கைப்பிடியைத் தடவினார். "நான் இந்த நாற்காலியில உக்காந்ததுலேர்ந்து எந்திரிச்சதில்ல. அதனால அது மேல வருமா வராதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வளைத்ததை நிமிர்த்திவிட்டு, குழுவின் முன்னிலையில் மறுபடி வளைக்க வேண்டும், முள் இரண்டைத் தாண்டவே கூடாது என்று உத்தரவாயிற்று. பட்டறைக்காரர் வாதாடவில்லை. "எனக்கென்ன சார், சொன்ன அளவுக்கு இழுக்கறேன். விட்டப்புறம் அது எங்க போகுதுங்கறது என் வேலையில்ல. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

ஏழாம் நம்பரை நிமிர்த்தியபின் விழா நடந்தது. மேஜைக்கு விரிப்புப் போட்டிருந்தார்கள். தலைவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். பட்டறைக்காரர் ஒவ்வொரு மட்டையாக இடுக்கியில் மாட்டி, முள் இரண்டுக்கு வரும்வரை இழுத்துப் பிடித்துக்கொண்டார். குழு எட்டிப் பார்த்து, "இரண்டு" என்று ஒரே குரலில் சொல்லி, ஒருவரை ஒருவர் பார்த்துக் கைதட்டியது. கைதட்டும் நேரத்தில் பட்டறைக்காரர் கடப்பாரையை விட்டார். மட்டை ஒரு அவசரமும் இல்லாமல் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே போய் நின்றது. எல்லா மட்டைகளுக்கும் கழுத்தில் முத்திரை குத்திய சான்றிதழைக் கட்டினார்கள்.

"சார், இப்ப ஒரு தடவை அளந்து பாத்துடலாமே" என்று மெத்தைக் கடைக்காரர் கெஞ்சினார்.

செயலாளர் முகம் சிவந்தார். "சான்றிதழ் குடுத்தப்புறம் அளக்கறது, கல்யாணம் முடிஞ்சப்புறம் ஜாதகம் பாக்கற மாதிரி. இந்தக் கழகத்தோட வார்த்தை மேல உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?"

மண்டபத்தை நினைத்து அவர் மட்டைகளைப் பையில் அடுக்கினார்.

போட்டி நாள் வந்தது. மனைவி, மகள், சம்பந்தி மூவரும் வந்திருந்தார்கள். தான் வாங்கிக் கொடுத்த மட்டையைப் பார்த்து சம்பந்தி, பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் "நம்மளோடதுதான், கெட்டி எவர்சில்வர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தலைவர் அன்று கண்ணாடி அறைக்குள் இல்லை. சான்றிதழில் தன் கையெழுத்து இருக்கிறது, இனி என்ன பயம் என்று தன் நாற்காலியை இடது பக்கப் புல்வெளியில் போடச் சொல்லி அமர்ந்திருந்தார்.

மெத்தைக் கடைக்காரர் கொடியை விட்டுவிட்டு வலது பக்கம் வெகுவாகத் திரும்பி நின்றார். இடது பக்கம் ஓடுகிற பந்து அப்படியாவது நடுவில் விழட்டும் என்பது கணக்கு.

"என்ன நிக்கறீங்க அங்க பாத்துட்டு?" என்று செயலாளர் ஓடி வந்தார். "சான்றிதழ் வாங்கின மட்டையை வெச்சுக்கிட்டு வலது பக்கம் பாத்து நிக்கறது சந்தேகப்படற மாதிரி இருக்கு. கொடியைப் பாத்து நில்லுங்க."

கொடியைப் பார்த்து நின்றார். கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். பந்து இடது பக்கம் பறந்து, தலைவரின் நெற்றியில் பட்டு, அவர் மடியில் விழுந்தது. தலைவர் நாற்காலியோடு மல்லாந்தார்.

செயலாளர்தான் முதலில், "ஆகா! என்ன ஒரு நேரான அடி!" என்றார். கணக்காய்வாளர் கைதட்டினார். உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கைதட்டினார்கள். புல்லில் கிடந்தபடியே தலைவர் கையை உயர்த்தி, "நேராத்தான் போச்சு. நான் கண்ணால பாத்தேன்" என்றார்.

"அட என்னங்க, இடது பக்கம்ல போச்சு!" என்று சம்பந்தி சத்தமாகச் சொன்னார். "ஐயா நெத்தி புடைச்சிருக்கே! சம்பந்தி, நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் மெத்தைக் கடைக்காரரைப் பார்த்தார்கள். நேராகப் போயிற்று என்று சொன்னால் மண்டபம் இருக்கும், சம்பந்தி பொய்யராவார். இடது பக்கம் என்றால் மண்டபம் போகும். மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவருக்கு இத்தனை நாள் அடக்கி வைத்த கோபம் எல்லாம் ஒரேயடியாகப் பொங்கியது. கம்பளத்தைச் சுருட்டி அளந்தது, பலகைமேல் ஏறி நின்றது, ஒன்றரை டிகிரித் திருடன் என்று பேர் வாங்கியது எல்லாம்.

"இடது பக்கம்தான் போச்சு! இந்த மட்டை ஒரு இம்மி வளையல. வளைச்ச மாதிரி கைதட்டினீங்க, அவ்வளவுதான். நம்பலைன்னா தலைவரோட நெத்தியைத் தொட்டுப் பாருங்க!"

சம்பந்தி ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டார். "இப்படிப்பட்ட வீட்டுல பொண்ணு எடுக்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்றார். மெத்தைக் கடைக்காரருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, கண் மட்டும் மண்டபத்தின் பக்கமே போயிற்று.

அன்று மாலையே நோட்டீஸ் வந்தது. தலைவரை அடித்ததைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை, ஏனென்றால் பந்து நேராகப் போனது. சான்றிதழுக்கு விரோதமாகப் பொது இடத்தில் பேசியதுதான் குற்றம். அதைப் பொதுக்குழுதான் விசாரிக்க வேண்டும். பொதுக்குழு பெரிய மண்டபத்தில்தான் கூட வேண்டும். அதற்கு இரண்டு வாரம் முன்னறிவிப்பு வேண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் தேதி, கல்யாணத் தேதி.

மெத்தைக் கடைக்காரர் ஓடினார். செயலாளர் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"உங்க பதவி ரத்தாகல. ஆனா செல்லுபடியும் ஆகல. பாதி நிலுவையில இருக்கு. அதனால மண்டபத்திலயும் உங்களுக்குப் பாதி. நாங்க அநியாயம் பண்றவங்க இல்ல."

கல்யாணத்தன்று மண்டபத்தின் நடுவில் ஒரு கயிறு கட்டியிருந்தது. இந்தப் பக்கம் பூ, விளக்கு, மேடையில் மணமக்கள். அந்தப் பக்கம் நீள மேஜை, நாற்காலிகள், நெற்றியில் பெரிய கட்டுடன் தலைவர். காயம் எப்போதோ ஆறிவிட்டது. விசாரணை முடியும்வரை கட்டைப் பிரிக்கக்கூடாது என்று கணக்காய்வாளர் சொல்லியிருந்தார். குற்றம் சாட்டப்பட்டவர் என்பதால் பெண்ணின் அப்பாவுக்கு இடம் கயிற்றுக்கு அந்தப் பக்கம்தான். கல்யாணத்துக்கு வந்தவர்கள் பாதிப் பேர் பொதுக்குழுவினரும் மாப்பிள்ளை வீட்டார்தான் என்று நினைத்துத் தலைவரிடம் கை குலுக்கிவிட்டுப் போனார்கள். தலைவர் ஒவ்வொருவரிடமும், "சாட்சி சொல்ல வந்தீங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, ரொம்பச் சந்தோஷம்" என்றார்கள் அவர்கள்.

சாப்பாடு ஆரம்பமானதும் பொதுக்குழு உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து கயிற்றைத் தாண்டினார்கள். கடைசியில் மேஜையில் கோணக் குழு மட்டும் மிஞ்சியது.

மேடையில் போட்டோ எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். மகள் மாலையோடு எட்டி எட்டிப் பார்த்தாள். "அப்பா எங்கம்மா?" என்று அவள் கேட்பது இங்கேவரை கேட்டது. மனைவி மேடையிலிருந்து, என்ன கேட்டாலும் தலையாட்டிவிட்டு வந்து தொலையுங்கள் என்று கையால் காட்டினாள்.

"ஒரே ஒரு வார்த்தை" என்றார் தலைவர். "பந்து எப்படிப் போச்சு?"

மெத்தைக் கடைக்காரருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் மகள் இன்னும் தேடிக்கொண்டிருந்தாள்.

"நேராத்தான் போச்சுங்க."

"இடது பக்கம்தான்!" என்று சாப்பாட்டு வரிசையிலிருந்து தட்டும் கையுமாக சம்பந்தி கத்தினார்.

மெத்தைக் கடைக்காரர் எழுந்தார். "உக்காருங்க" என்றார் கணக்காய்வாளர். "நேராப் போச்சுன்னு இப்பதான் ஒத்துக்கிட்டீங்க. அப்ப அன்னிக்கு இடது பக்கம்னு சொன்னது பொய். பொய் சொன்னதுக்குத் தனி விசாரணை இருக்கு. அதை இப்பவே ஆரம்பிக்கறோம்."

அவர் உட்கார்ந்தார். இனி மேடைக்குப் போனமாதிரிதான் என்று தோன்றியது. அழுகை வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

அப்போது மகளே வந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கயிற்றைத் தூக்கிக் குனிந்து, மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். அப்பாவைப் பார்க்கவில்லை. நேராகத் தலைவரிடம் போனாள்.

"ஐயா, பெரியவங்க நீங்க இங்க இருக்கும்போது நீங்க இல்லாம போட்டோவா? மேடையில நடுவுல உங்களுக்குத்தான் இடம் வெச்சிருக்கோம். பேப்பர்லயும் வரும்னு சொல்றாங்க."

தலைவர் கணக்காய்வாளரைப் பார்த்தார். செயலாளரைப் பார்த்தார். பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "பேப்பர்லயா?" என்றார்.

"பேப்பர்லதான். உங்க கூட இவரும் வரட்டும், மாலையைப் பிடிச்சுக்க ஆள் வேணும்" என்று அப்பா பக்கம் கையைக் காட்டினாள்.

நான்கே எட்டில் தலைவர் கயிற்றைத் தாண்டிவிட்டார். தலைவரே அந்தப் பக்கம் போனபின் இந்தப் பக்கம் யாரை வைத்து விசாரிப்பதென்று தெரியாமல் செயலாளரும் கணக்காய்வாளரும் பின்னாலேயே போனார்கள். மெத்தைக் கடைக்காரர் மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவள் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். மனைவி, "நாலு பேர் பாக்கறாங்க, கண்ணைத் துடைங்க" என்றாள்.

போட்டோக்காரர் கேமராவிலிருந்து தலையை எடுத்தார். "நடுவுல இருக்கற பெரியவரே, நெத்திக் கட்டு படத்துல அசிங்கமா விழுது. கொஞ்சம் இடது பக்கமாத் திரும்புங்க."

தலைவர் குழுவைக் கேட்காமலே இடது பக்கம் திரும்பினார்.